சாப்பாட்டு மேசையில் நடுநிலைக் கப்பல்கள்

அந்த வீட்டில் எட்டுப் பேர் தாராளமாக உட்கார்ந்து சாப்பிடக்கூடிய ஒரு மேசை இருந்தது. அதில் யாரும் சாப்பிடுவதில்லை. அதன்மேல் கடல் இருந்தது.

கெட்டி அட்டையில் வரைந்த கடல். தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு ஓரத்தில் சிவப்பு நாடு, எதிர் ஓரத்தில் நீல நாடு, நடுவில் யார் வம்புக்கும் போகாத சாம்பல் நாடு. மேலே மரக்கட்டையில் கப்பல்கள். கடற்படை பறந்துவிடும் என்று மின்விசிறியை ஒன்றுக்கு மேல் வைக்கக் கூடாது. வீட்டு மனிதர்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சோபாவிலும் மாடிப்படியிலும் சாப்பிட்டார்கள். ஒருமுறை வந்த விருந்தாளிக்குத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் பரிமாற வேண்டியிருந்தது. அவர் பிறகு வரவில்லை.

கடலுக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர். கீழ் வீட்டில் அண்ணன், நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். மாடியில் தம்பி, கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர். உலகத்திலேயே இல்லாத ஒரு கடற்போர் விளையாட்டை உருவாக்கிக் காட்டுகிறோம் என்று ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மூத்தவருக்கு ‘அட்மிரல்’ என்றும் இளையவருக்குப் ‘பேராசிரியர்’ என்றும் பட்டம் கொடுத்தது மூத்தவரின் மனைவி. அவளுக்கு அந்த வீட்டில் பெயர் அண்ணி. கொழுந்தனுக்கு அண்ணி என்பது முறை. கட்டின புருஷனே “அண்ணியைக் கேளு” என்று சொல்கிற அளவுக்கு அது ஊன்றிப் போயிருந்தது.

அண்ணி மின்சார அலுவலகத்தில் புகார் மேசையில் இருந்தாள். கரண்ட் போனால் ஜனங்கள் அவளைத் திட்டுவார்கள். ஜனங்கள் திட்டினால் கம்பத்தில் ஏறுகிறவர்கள் அவளைத் திட்டுவார்கள். இரண்டு பக்கத்துக்கும் “சொல்லிடறேன்” என்று சொல்லிவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்தால், வீட்டிலும் அதே உத்தியோகம்தான் காத்திருந்தது. ஏனென்றால் அண்ணனும் தம்பியும் எட்டு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை.

காரணம் சாம்பல் நாடு.

முதல் சோதனை ஆட்டத்தில், நடுநிலைக் கப்பலை அடித்தால் என்ன ஆகும் என்று விதியில் ஒன்றுமே எழுதவில்லை. ஆகவே இரண்டு பேரும் முதல் சுற்றிலேயே சாம்பல் கட்டைகளையெல்லாம் அடித்து மூழ்கடித்துவிட்டு, இடம் விசாலமான பிறகு நிம்மதியாகப் போர் செய்தார்கள்.

“பாவம், அவங்க என்னங்க பண்ணாங்க?” என்று அண்ணி கேட்டாள்.

“விதியில இல்லையே” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். அவர்கள் கடைசியாக ஒத்துப்போன விஷயம் அதுதான்.

பிறகு அட்மிரல் கோபப் புள்ளி என்று ஒன்றைக் கொண்டுவந்தார். நடுநிலைக் கப்பலை அடித்தால் உலகம் கோபித்துக்கொள்ளும். உடனே யாரும் சாம்பலைத் தொடவில்லை. யாரும் தொடவில்லை என்றதும் பேராசிரியர் தன் எண்ணெயையும் இரும்பையும் சாம்பல் கப்பலில் ஏற்றி அனுப்பினார். அதைப் பிடிக்க அட்மிரல் நிறுத்திச் சோதனை போடும் விதி எழுதினார். சோதனையில் பொய் சொல்லப் பேராசிரியர் ஒரு விதி எழுதினார். கடைசியில் விதிப் புத்தகத்தில் போருக்கு ஐந்து பக்கமும் போரிலேயே இல்லாதவர்களுக்குப் பதினாலு பக்கமும் ஆயிற்று.

“இவ்வளவு எதுக்கு?” என்றார் பேராசிரியர். “நடுநிலை வியாபாரம் மொத்தத்தையும் ஒரு எண்ணா ஓரத்துல போட்டுடலாம். சுற்றுக்குச் சுற்று ஏறும், இறங்கும். முடிஞ்சது.”

“கப்பலை எண்ணாக்கிட்டா அப்புறம் கடல் எதுக்குடா?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். நீ விரிச்சு வெச்சிருக்கறது கடலா, மளிகைக் கடையா?”

மளிகைக் கடை என்ற சொல் அட்மிரலைச் சுட்டுவிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து ஆழம் உட்பட வரைந்த கடல். அன்று பேராசிரியர் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அதிலிருந்து “அவன்கிட்ட சொல்லு” என்று கீழேயிருந்து மேலேயும், “அவர்கிட்ட சொல்லுங்க அண்ணி” என்று மேலேயிருந்து கீழேயும் சரக்குப் போக்குவரத்து நடந்தது. சரக்கு ஏற்றிப் போகிறவளை இரண்டு துறைமுகத்திலும் சோதனை போட்டார்கள்.

“அங்க என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணும் சொல்லாததுக்கா அரை மணி நேரம்?”

இப்படி இருக்கும்போதுதான் விளையாட்டுப் பெட்டிகள் போட்டு விற்கிற பதிப்பாளர் அம்மாள் ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து பார்க்கிறேன் என்று சம்மதித்தாள். இரண்டே இரண்டு நிபந்தனை. மூன்று பேர் ஆடுகிற மாதிரி இருக்க வேண்டும். இரண்டு பேர் மட்டும் முறைத்துக்கொள்கிற விளையாட்டு இப்போது விலை போவதில்லையாம். அப்புறம், மூன்றாவது ஆள் பகடை உருட்டுகிற பொம்மையாக இல்லாமல் தானே முடிவு எடுக்க வேண்டும்.

அட்மிரல் ஒரே வரியில் சொல்லிவிட்டார். “இந்த அம்மா எடுத்துக்கிட்டா அட்டை அச்சுக்குப் போயிடும், மேசை காலி. எடுத்துக்கலேன்னா முதல்லேருந்து திரும்ப வரையப் போறேன்.”

“முதல்லேருந்துன்னா?”

“கரையோரத்துலேருந்து.”

அண்ணி மடியிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். இன்னும் இரண்டு வருடம் மடியில் தட்டு. அதுகூடப் பரவாயில்லை, எட்டு மாதமாக ஒரு வீட்டு மனிதர்கள் ஒரு வேளை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவில்லை. மேசை வந்தால் நாற்காலி வரும், நாற்காலி வந்தால் ஆட்களை உட்கார வைப்பது தன் பாடு என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். மேசையே வராவிட்டால் எந்தச் சாமர்த்தியமும் செல்லாது.

ஆகவே மூன்றாவது ஆளாக, சாம்பல் நாடாக, அவளே உட்கார்ந்தாள். சாம்பல் கப்பல்களை அதுவரை நகர்த்திவந்த பகடையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அண்ணியை வைத்தார்கள். நடுநிலை அத்தியாயத்தையும் புதிதாக எழுதினார்கள். கடலில் போர்க்கப்பல் நடுநிலைக் கப்பலை என்னென்ன செய்யலாம் என்பதை அட்மிரல் கீழே உட்கார்ந்து எழுதினார். துறைமுகம் வந்து சேர்ந்த சரக்கு யாருக்கு எவ்வளவு என்பதைப் பேராசிரியர் மேலே உட்கார்ந்து எழுதினார். தாள்களை ஏற்றி இறக்கியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதிப்பாளர் அம்மாள் வந்தாள். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட, அதிகம் பேசாத மனுஷி. சுவரோரமாக ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, “நான் பாக்கத்தான் வந்தேன். நீங்க பாட்டுக்கு ஆடுங்க” என்றாள். பேராசிரியரின் மனைவி, அதாவது அண்ணியின் ஓரகத்தி, பிஸ்கட் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறவள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் என்ன தப்புச் செய்தாலும் முகம் மாறாமல் இருக்கப் பழகியவள்.

“இவங்க எப்படி ஜெயிக்கறது?” என்று பதிப்பாளர் அண்ணியைக் காட்டிக் கேட்டாள்.

அட்மிரல் யோசித்தார். “நடுநிலைங்க. ஜெயிக்கணும்னு அவசியம் இல்ல.”

“இருக்கு, இருக்கு” என்றார் பேராசிரியர் அவசரமாக. “கடைசில எத்தனை கப்பல் மிதக்குதோ அதான் அவங்க மதிப்பெண். எழுதியிருக்கேன்.”

ஆட்டம் தொடங்கியது. அட்மிரல் சிவப்பு, பேராசிரியர் நீலம். போட்டியிடும் இரண்டு நாட்டுக்கும் கையிருப்பு என்று ஒரு எண் உண்டு. சுற்றுக்குச் சுற்று அது குறையும். சரக்குக் கப்பல் வந்து சேர்ந்தால் ஏறும், பூஜ்யத்தைத் தொட்டால் நாடு சரணடைந்துவிடும். சொந்தக் கப்பல்கள் கான்வாயாகப் போகலாம். அதாவது போர்க்கப்பல் காவலோடு கூட்டமாக. கூட்டத்தில் எது மெதுவான கப்பலோ அதன் வேகம்தான் எல்லாவற்றுக்கும். குடும்பத்தோடு வெளியே கிளம்பும்போது கடைசியாகச் செருப்பு மாட்டுகிறவர் வேகத்தில் எல்லோரும் போகிற மாதிரி. ஆகவே வயிறு நிறைய வேண்டுமென்றால் இரண்டு பேருக்கும் சாம்பல் கப்பல்தான் கதி.

அண்ணி சமர்த்தாகக் கப்பல்களை வெளியே அனுப்பினாள். விளையாட்டு நல்லபடியாக நடந்தால்தானே மேசை.

“நிறுத்து. சோதனை” என்றார் அட்மிரல்.

“கோதுமைதான் இருக்கு.”

“பாக்கணும். இந்தச் சுற்று நீ நகரக் கூடாது.”

அடுத்த சுற்றில் பேராசிரியர் இன்னொரு கப்பலைத் தன் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். “பறிமுதல், அண்ணி. மன்னிச்சுக்குங்க.”

மூன்றாவது சுற்றில் அட்மிரலின் நீர்மூழ்கி ஒன்று சாம்பல் கப்பலை அடித்து மூழ்கடித்தது. அவர் பெட்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மனைவியிடம் மரியாதையாக நீட்டினார். அதில் ‘தவறுதலாக நடந்துவிட்டது, வருந்துகிறோம்’ என்று எழுதியிருந்தது.

“இதை நான் என்ன பண்றது?”

“வெச்சுக்கோ.”

“இதுக்கு என்ன கிடைக்கும்?”

“ஒண்ணும் கிடைக்காது. மரியாதைக்கு.”

“கல்யாணமான நாள்லேருந்து வாய் வார்த்தையாகூட வந்ததில்ல. இப்ப அட்டையிலயாவது வருதே” என்று அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள் அண்ணி.

ஐந்தாவது சுற்றில் அவளிடம் இப்படி மூன்று வருத்தம் சேர்ந்திருந்தது. செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. நகர்த்து என்றால் நகர்த்தினாள், நில் என்றால் நின்றாள். பகடை இருந்தபோது பகடையாவது உருண்டது. சுவரோரத்தில் ஒரு சின்ன சத்தம் கேட்டது. பதிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டு, கைப்பையைத் திறந்துகொண்டிருந்தாள். அட்மிரல் அதைக் கவனிக்கவில்லை. அவர் பேராசிரியரின் கான்வாயை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணி கவனித்தாள். கைப்பை மூடியது என்றால் மேசை போயிற்று. அவள் முன்னாலிருந்த விதித்தாளைப் பார்த்தாள். பதினாலு பக்கத்தையும் மாடிப்படியில் தூக்கிச் சுமந்தவள், இப்போதுதான் படிக்கிறவள் மாதிரிப் படித்தாள்.

“உன் முறை” என்றார் அட்மிரல்.

“நான் போகல.”

“என்ன?”

“கப்பல் போகல. துறைமுகத்துலயே நிக்குது.”

“அப்படியெல்லாம் நிக்க முடியாதும்மா.”

“எங்க போட்டிருக்கு?”

அட்மிரல் தன் பகுதியைப் புரட்டினார். அது ‘கடலில் செல்லும் நடுநிலைக் கப்பலை’ என்று ஆரம்பித்தது. இன்னொரு முறை புரட்டிவிட்டு நிமிர்ந்து காற்றிடம் சொன்னார். “அவன் பகுதியில இருக்கும்.”

பேராசிரியர் தன் பகுதியைப் புரட்டினார். அது ‘துறைமுகம் வந்து சேர்ந்த நடுநிலைக் கப்பலின்’ என்று ஆரம்பித்தது. “அண்ணி, அது அவர் பகுதியிலதான் இருந்தாகணும்னு சொல்லுங்க.”

“எதிர்லதானே உக்காந்திருக்காரு” என்றாள் பதிப்பாளர்.

இரண்டு பேரும் மறுபடி தாளைப் புரட்டினார்கள். கப்பல் கிளம்பியே ஆக வேண்டும் என்பதை இவர் அவர் எழுதுவார் என்றும், அவர் இவர் எழுதுவார் என்றும் விட்டிருந்தார்கள். பேசிக்கொள்கிற இரண்டு பேராக இருந்திருந்தால் ஒரு வாய் டீ குடிக்கிற நேரத்தில் தெரிந்திருக்கும்.

“கடைசில எத்தனை மிதக்குதோ அதான் என் மதிப்பெண்” என்றாள் அண்ணி. “துறைமுகத்துல நின்னா நல்லா மிதக்குது. நீங்க ஆடுங்க.”

 இது ஆட்டத்தைக் கெடுத்தாலும் கெடுக்கும். ஆனால் ஏற்கெனவே கெட்டுக்கிடக்கிறதை இன்னும் எவ்வளவு கெடுத்துவிட முடியும்?

ஒரு சுற்று போயிற்று. சிவப்பின் கையிருப்பு இறங்கியது. நீலத்தின் கையிருப்பும் இறங்கியது. இன்னொரு சுற்று போயிற்று. போர் செய்வதற்கு இரண்டு பேரிடமும் ஏராளமான போர்க்கப்பல் இருந்தது. அவற்றுக்குப் போட எண்ணெய் இல்லை.

அட்மிரல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஏம்மா, ஒரே ஒரு கப்பல் அனுப்பேன். கோதுமை மட்டும். என் கான்வாய்ல சேந்துக்கோ, நான் காவல் தரேன்.”

“அவர் கான்வாய்ல சேந்தா நீங்க நடுநிலை இல்ல, அண்ணி” என்றார் பேராசிரியர். “என் நீர்மூழ்கி அடிக்கும்.”

“அண்ணியை அடிப்பியா?” என்று அவள் கொழுந்தனைக் கேட்டாள்.

“அடிக்கணும்னு ஆசையா? விதி அப்படி.”

“சரி, உன் கான்வாய்ல வரேன்.”

“அப்ப நான் அடிப்பேன்” என்றார் அட்மிரல்.

“நல்ல குடும்பத்துலதான் வாக்கப்பட்டிருக்கோம்” என்றாள் அண்ணி ஓரகத்தியைப் பார்த்து. ஓரகத்தி ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள்.

“அப்ப என்னதான் பண்ணணும்கிறே?” என்றார் அட்மிரல்.

“ஒரு வழி குடுங்க. இந்தக் கட்டத்துலேருந்து அந்தக் கட்டம் வரைக்கும். விளக்கு போட்டுக்கிட்டு நான் பாட்டுக்குப் போவேன். அதுல யாரும் கை வைக்கக் கூடாது. தம்பிக்குப் பாதி, உங்களுக்குப் பாதி.”

“அதுக்கு நாங்க ரெண்டு பேரும் ஒத்துக்கணுமே.”

“ஆமா.”

“சரி, அவன்கிட்ட சொல்லு.”

அண்ணி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். “நான் துறைமுகத்துல இருக்கேன். இங்கேருந்து பேசினா அங்க கேக்காது.”

இன்னொரு சுற்றும் அப்படியே போயிற்று. இரண்டு கையிருப்பும் இன்னும் ஒரு படி இறங்கின. இனி ஒரே ஒரு சுற்று. அது முடிந்தால் இரண்டு நாடும் சேர்ந்து சரணடையும். யாரிடம் என்றால், மூன்று வருத்த அட்டையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாளிடம்.

“எங்க வீட்டுக்காரர் வண்டி ஓட்டினாலும் இப்படித்தான்கா” என்றாள் ஓரகத்தி நிதானமாக. “தப்பான ரோட்டுல திரும்பிட்டா, முட்டுச் சுவர் வர்ற வரைக்கும் போய்ப் பாத்துட்டுத்தான் வண்டியைத் திருப்புவார்.”

அட்மிரல் கடலை உற்றுப் பார்த்தார். பிறகு கடலிடம் பேசுகிற மாதிரிச் சொன்னார். “அந்தத் தெக்கு ஓரமாப் போனா ரெண்டு பேருக்கும் தொந்தரவு இல்ல.”

பேராசிரியரும் கடலிடமே பதில் சொன்னார். “அங்க ஆழம் கம்மி.”

“எவ்வளவு ஆழம்னு வரைஞ்ச எனக்குத் தெரியாதா?”

“வரைஞ்சே. சரக்கு ஏத்தின கப்பல் எவ்வளவு அமுங்கும்னு கணக்குப் போட்டது யாரு?”

“நீ போட்ட கணக்கு தப்பு.”

“எங்க தப்பு? காட்டு.”

“இங்க வா, காட்டறேன்.”

பேராசிரியர் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு தலையும் தெற்குக் கடலுக்கு மேல் கவிழ்ந்தன. சண்டைதான். ஆனால் எட்டு மாதத்தில் முதல்முறையாக நடுவில் ஆள் இல்லாத சண்டை. அண்ணி பிஸ்கட் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வழி பிறந்தது. அண்ணி விளக்குப் போட்ட கப்பல்களை அனுப்பினாள். அடுத்த சுற்றிலேயே பேராசிரியர் கோதுமைக்கு அடியில் எண்ணெய் வைத்தார். அட்மிரல் கண்டுபிடித்துத் தாம் தூம் என்று குதித்தார். அண்ணி கப்பலைத் திருப்பித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, “பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க” என்றாள். மறுபடி இரண்டு தலையும் கவிழ்ந்தன. எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு கொடுத்தால் இரண்டு பக்கமும் சாகாமலும் கொழுக்காமலும் தன் தயவில் இருக்கும் என்பது அவளுக்கு வெகு சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. புகார் மேசையில் இதைத்தான் சம்பளத்துக்குச் செய்கிறாள்.

முக்காலி சுவரோரத்தை விட்டு மேசையருகே வந்திருந்தது. பதிப்பாளர் கண்ணாடியை மறுபடி மாட்டியிருந்தாள். வெளிச்சம் குறைகிற நேரத்தில் சாம்பல் நாடு எல்லோரையும்விட அதிகக் கப்பலோடு ஜெயித்தது.

“போடறேன்” என்றாள் பதிப்பாளர். அட்மிரல் எழுந்தே விட்டார். “ஆனா சாம்பல்தான் இதுல முக்கியம். அவங்க துறைமுகத்துல நிக்கலாம்கிறதை விதியாவே எழுதிடுங்க. பெட்டிமேல போர்க்கப்பல் படம் வேணாம், விளக்கு போட்ட சரக்குக் கப்பல் போடுங்க. போர்ப் பகுதியைக் குறைச்சுக்கலாம்.”

“அஞ்சு பக்கம்தானே இருக்கு” என்றார் அட்மிரல் பரிதாபமாக.

“மூணு போதும். அப்புறம், சாம்பலுக்கு இன்னும் ரெண்டு துறைமுகம் வேணும். கடலைக் கொஞ்சம் பெரிசாக்கிட்டு, நாலஞ்சு மாசம் நல்லா ஆடிப் பாத்துட்டுக் கொண்டு வாங்க.”

“பெரிசாவா?” என்றாள் அண்ணி. யார் காதிலும் விழவில்லை.

பதிப்பாளர் போன பிறகு அண்ணனும் தம்பியும் அங்கேயே நின்று மேசையின் நீளத்தை அளந்தார்கள். ஓரத்தில் பலகை சேர்த்தால் கிழக்கே இன்னும் இரண்டு முழம் கடல் வரும் என்றார் அட்மிரல். மூன்று வரும் என்றார் பேராசிரியர். சந்தோஷமாகச் சண்டை போட்டார்கள். அண்ணியும் ஓரகத்தியும் சமையலறைக்குள் போனார்கள். குழம்பு கொதிக்கிற சத்தம் வந்தது, வாசனை வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

“ஏம்மா, சாப்பாடு?” என்று அட்மிரல் குரல் கொடுத்தார்.

“தயாராத்தான் இருக்கு.”

“எங்க?”

“துறைமுகத்துல.”

 பிறகு பேராசிரியர் சமையலறை வாசலில் தலையை நீட்டினார். “அண்ணி, என்ன வேணும் உங்களுக்கு?”

“வழி. பாதி மேசை. எழுதி எல்லாம் தர வேணாம், காலி பண்ணினாப் போதும்.”

“பாதியா? வடக்குக் கடல் மொத்தமும் போயிடுமே” என்றார் அட்மிரல் பின்னாலிருந்து.

“ரெண்டு பேரும் கலந்து பேசிட்டுச் சொல்லுங்க. எங்களுக்கு அவசரம் இல்ல, நாங்க இங்கேயே சாப்பிட்டுக்கறோம்” என்றாள் ஓரகத்தி. தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

வடக்குக் கடலை மடித்தார்கள். மடிப்பில் அகப்பட்ட ஒரு கான்வாய் தரையில் சிதறியதை இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினார்கள். துடைத்துப் பார்த்தால் அந்த மேசையின் மரம் நல்ல நிறம்தான், எல்லோருக்கும் மறந்து போயிருந்தது. நான்கு நாற்காலி போட்டார்கள். முழங்கை முழங்கையை இடித்தது. தெற்குக் கடல் ஓரத்தில் சாம்பல் கப்பல்கள் குழம்புச் சட்டியைப் பார்த்தபடி நின்றன.

அட்மிரல் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். “அவன்கிட்ட அந்த உப்பை...”

அண்ணி மென்றுகொண்டே இருந்தாள்.

அட்மிரல் தொண்டையைச் செருமினார். “உப்பை எடுடா.”

பேராசிரியர் உப்புக் கிண்ணத்தை எடுத்தார். கொடுக்கவில்லை. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார், விரலால் கிளறிப் பார்த்தார்.

“என்னடா பண்றே?”

“சோதனை” என்றார் பேராசிரியர். “இந்தச் சுற்று நீ நகரக் கூடாது.”